வீட்டில் ஒருவருக்கு மனநோயோ என்ற ஐயம் எழுந்தால்: கண்டறிதலும் சிகிச்சையும்

வீட்டில் ஒருவருடைய போக்கு மாறிவிட்டது என்று தெளிவாகத் தெரிந்த பிறகும், இது நோய்தானா, யாரிடம் காட்டுவது, மாத்திரை தொடங்கினால் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டியிருக்குமோ என்ற தயக்கத்திலேயே மாதங்களைக் கடத்திவிடும் குடும்பங்களை, மதுரை வட்டாரத்தில் மனநலப் பணியில் இருக்கும் நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநோய் இருந்ததையும், நோயின் வகைக்கு ஏற்ப 100க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாமலே இருந்ததையும் காட்டியது. மருத்துவர் பற்றாக்குறை அதற்கு ஒரு காரணம்; அதைக் குடும்பத்தார் மாற்ற முடியாது. கண்டுகொள்வதில் தாமதிப்பதும், தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விடுவதும் பெரும்பாலும் வீட்டாரின் கையில் இருப்பவை. இந்த வழிகாட்டி அவ்விரண்டையும் பற்றியது.

நோய் என்று எப்போது கொள்வது

கவலையும் அழுகையும் தூக்கம் வராத இரவுகளும் எல்லோர் வாழ்விலும் வருபவை. வெள்ளாமை பொய்த்துக் கடனில் நிற்பவரையும், பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் இறந்தவரை நினைத்து அழுபவரையும் உடனே நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது. அவர் முன்பு எப்படி இருந்தாரோ அதிலிருந்து தெளிவாக மாறியிருக்கிறாரா, அந்த மாற்றம் விட்டுவிட்டு வராமல் வாரக்கணக்கில் நீடிக்கிறதா, அதனால் அவருடைய வேலையோ உறவுகளோ தன்னைத் தானே கவனித்துக்கொள்வதோ கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பிட வேண்டியது அவரை அவரோடுதான். அண்ணனோடோ எதிர்வீட்டுக்காரரோடோ ஒப்பிடுவதில் பயனில்லை. இயல்பிலேயே அதிகம் பேசாதவர் பேசாமல் இருப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. விடியுமுன்பே எழுந்து மல்லிகை பறித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் ஒரு பெண், மூன்று வாரமாகத் தோட்டத்துப் பக்கமே போகாமல், தலைகூட வாராமல் பாயில் சுருண்டு கிடக்கிறார் என்றால் அது கவலைப்பட வேண்டிய மாற்றம்.

ஊர்ச் சாமி கும்பிடில் உறுமி முழங்கியதும் அருள் வந்து ஆடுபவர், அருள் இறங்கியதும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டால் அது நோயன்று. அதற்கென்று ஒரு காலமும் இடமும் இருக்கின்றன. சுற்றியிருப்போரும் அதைப் புரிந்துகொள்கிறார்கள். திருவிழா முடிந்து பல நாள் ஆன பின்னும் இரவெல்லாம் தூங்காமல், தனக்கு மட்டும் கட்டளை வருவதாகச் சொல்லிக்கொண்டு, சாப்பாட்டையும் வேலையையும் விட்டுவிட்டவரை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த வேறுபாடு ஊர்ப் பெரியவர்களுக்கே நன்றாகத் தெரியும். அவர்களிடம் கேட்டால் “இது சாமி ஆட்டம் மாதிரி இல்லையே” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மருத்துவரிடம் எதைக் கொண்டுபோவது

மனச்சோர்வையோ, இல்லாத குரல் கேட்பதும் காரணமற்ற சந்தேகமும் வரும் மனச்சிதைவையோ உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. நோயாளியோடு பேசி, அவரைக் கவனித்து, வீட்டார் சொல்லும் வரலாற்றைக் கேட்டுத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். கூட்டம் நிறைந்த வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரமோ குறைவு. ஆகவே நோயறிதல் சரியாக அமைவது வீட்டார் எவ்வளவு ஒழுங்காகச் சொல்கிறார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. புறப்படுவதற்கு முதல் நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் எழுத வேண்டியது, அவர் கடைசியாக எப்போது முழு நலத்தோடு இருந்தார் என்பது. தேதி நினைவில் இல்லாவிட்டாலும் நம் மக்களுக்கு விழாக்கள் நினைவில் இருக்கும். “சித்திரைத் திருவிழாவுக்கு எங்களோடு வந்து, விடிய விடிய நின்று அழகரைப் பார்த்தான், ஆடி பதினெட்டுக்கு ஊருக்குக் கூப்பிட்டபோதுதான் வர மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான்” என்று ஒரு தாய் சொல்லும்போது, நோய் தொடங்கிய காலம் மூன்று மாத இடைவெளிக்குள் வந்துவிடுகிறது. அடுத்து, எது முதலில் வந்தது என்ற வரிசை. தூக்கம் கெட்டபின் சந்தேகம் வந்ததா, சந்தேகம் வந்தபின் தூக்கம் கெட்டதா. குடி தொடங்கிய பிறகு சோர்வா, சோர்வைப் போக்கக் குடியா என்பதைப் பொறுத்து நோயின் பெயரே மாறக்கூடும். பிறகு தூங்கும் நேரம், சாப்பாட்டின் அளவு, குளிப்பது, வேலைக்குப் போவது, பணம் செலவழிக்கும் விதம், சாவைப் பற்றிப் பேசியது ஆகியவற்றை எழுத வேண்டும். இரத்த உறவில் எவருக்கேனும் மனநோயோ குடிநோயோ தற்கொலையோ இருந்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். வரன் பார்க்கும் வீடுகளில் இந்தச் செய்தி பூட்டி வைக்கப்படுவது எனக்குத் தெரியும். மருத்துவருக்கு அது மருந்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு முக்கியமான செய்தி.

தற்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகளும் காசநோய்க்கான சில மருந்துகளும் மனநிலையைக் குலைக்கக்கூடியவை. நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தைராய்டு சுரப்பு குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவை மனச்சோர்வைப் போலவே தோன்றும். தைராய்டு மிகுந்தால் பதற்றநோயைப் போலத் தோன்றும். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் இரத்தப் பரிசோதனைகள் இவற்றை விலக்குவதற்காகத்தான். முதியவர் ஒருவர் ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பி, ஆளையும் நேரத்தையும் மாற்றிச் சொல்லத் தொடங்கினால், சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ வேறு உடல்நோயோ இருக்கிறதா என்று அன்றைக்கே பொது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நோயாளியோடு உடன் வாழ்பவரே உடன் வர வேண்டும். மரியாதைக்காகப் பெரியப்பாவை அனுப்பிவிட்டுத் தாயோ மனைவியோ வீட்டில் இருந்துவிட்டால் பாதி வரலாறு வீட்டிலேயே தங்கிவிடும். பல் வலிக்குக் காட்டப்போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்துவருவதையும் தவிர்க்க வேண்டும். அந்த ஒரு பொய்யால் அவர் மருத்துவரையும் நம்ப மாட்டார், மறுமுறை வீட்டாரையும் நம்ப மாட்டார். “உனக்குத் தூக்கமே இல்லை, பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது, அதற்காகப் போவோம்” என்று அவரே ஒப்புக்கொள்ளும் ஒரு தொந்தரவைச் சொல்லி அழைத்தால் பலர் வருகிறார்கள். மருத்துவர் அவரைத் தனியாகப் பேசவைக்க விரும்பினால் வெளியே போய்விட வேண்டும்.

மனச்சோர்வு உடல்வலியாக வரும்போது

மனச்சோர்வு என்ற நோயை முடிவுசெய்ய, நாளின் பெரும்பகுதியும் மனம் தாழ்ந்திருப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போவது, இவற்றில் ஒன்றாவது குறைந்தது 2 வாரம் நீடித்திருக்க வேண்டும். கூடவே களைப்பு, தூக்கக்கேடு, பசியின்மை, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம், கவனம் சிதறுதல், சாவு பற்றிய நினைப்பு போன்றவற்றில் பல இருக்க வேண்டும். பி.எச்.க்யூ-9 என்ற 9 கேள்விகள் கொண்ட தாள் இதை அளக்கப் பயன்படுகிறது. அதில் 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

ஆனால் உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ வரும் ஒரு பெண், மனம் சோர்ந்திருக்கிறது என்ற சொல்லோடு வருவதில்லை. மேலெல்லாம் வலி, நெஞ்சில் பாரம், உச்சந்தலையில் எரிச்சல், கைகால் குடைச்சல், அசதி என்றுதான் சொல்கிறார். அதற்காக ஒவ்வொரு மருத்துவராகப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு, சத்து ஊசி போட்டுக்கொண்டு, ஸ்கேன் எடுத்து, “உங்களுக்கு ஒன்றும் இல்லை” என்று கேட்டுத் திரும்பியிருப்பார். அந்த வலி உண்மையான வலி, அவர் நடிக்கவில்லை. இத்தகையவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டால் பெரும்பாலும் திரை விலகிவிடும். முன்பு விருப்பமாகச் செய்த எதிலாவது இப்போது மனம் போகிறதா என்பது ஒன்று. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, காலையில் எல்லாம் கனமாகவும் மாலையில் சற்று இலேசாகவும் இருக்கிறதா என்பது மற்றொன்று. செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்றும் நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. உள்ளே வைத்துப் புழுங்கியவருக்குச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

இலேசான மனச்சோர்வுக்கு மாத்திரை தேவைப்படாமலும் போகலாம். பேச்சுச் சிகிச்சை, அன்றாட நடை, நாளை மெல்ல மெல்ல வேலைகளால் நிரப்புதல் ஆகியவையே போதும். “தைரியமாக இரு, மனசைத் தளரவிடாதே” என்ற அறிவுரையால் இதில் எதுவும் நடப்பதில்லை. காலை எட்டு மணிக்குக் குளித்துவிடுவது, வாசல் வரை நடந்துவருவது, பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவது என்று நேரம் குறித்த சிறு வேலை ஒன்றை முடிவுசெய்து, உடன் நின்று செய்யவைப்பதுதான் உதவும். மனம் தெளிந்தபின் செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது. செய்யச் செய்யத்தான் மனம் தெளியும்.

நடுத்தரமான அல்லது கடுமையான மனச்சோர்வுக்கு மாத்திரை வேண்டும். புளூவாக்சிடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் ஆகியவை பரவலாகக் கொடுக்கப்படுபவை. இவற்றில் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும்; குமட்டல், வயிற்றுப் புரட்டல், தலைவலி போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்து பெரும்பாலும் தாமாகவே தணிந்துவிடும். நன்மை வருமுன் தொல்லை வருகிற இந்த வாரங்களில்தான் பலர் மாத்திரையைக் குப்பையில் போடுகிறார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்ட குடும்பங்கள் தாண்டிவிடுகின்றன. 25 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் அமைதியின்மையோ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று கவனித்து, கூடினால் உடனே தெரிவிக்க வேண்டும். முழுக்கத் தெளிந்த பிறகும் 6 முதல் 9 மாதம் மருந்தைத் தொடர வேண்டும். இதற்குமுன் பலமுறை வந்திருந்தால் இன்னும் நீளும். இவை அடிமைப்படுத்தும் மாத்திரைகள் அல்ல. எனினும் திடீரென நிறுத்தினால் கிறுகிறுப்பும் எரிச்சலும் வரும் என்பதால், மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

படபடப்பு, பயம், எண்ணச் சுழற்சி

திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, வியர்த்து, இதோ உயிர் போகிறது என்ற பீதி சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தணிவது பீதித் தாக்குதல். முதல்முறை வரும்போது, குறிப்பாக 40 வயதைக் கடந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், ஈ.சி.ஜி. எடுத்து இதயநோய் இல்லை என்று உறுதிசெய்வது கட்டாயம். உறுதியான பின் ஒவ்வொரு முறையும் அவசரப் பிரிவுக்கு ஓடுவது பயத்தைத்தான் வளர்க்கும். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறத் தனியாகப் போக முடியாது என்று ஒருவர் ஒதுங்கத் தொடங்கினால், ஒதுங்க ஒதுங்க அவருடைய உலகம் சுருங்கும். பயந்த இடத்துக்குச் சிறு சிறு படியாக மீண்டும் பழக்கும் பயிற்சியும், மேலே சொன்ன அதே மாத்திரைகளும் இதற்குச் சிகிச்சை.

அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை அரை மணியிலேயே அமைதி தருவதால், நோயாளிக்கு இவைதான் நல்ல மாத்திரை என்று தோன்றிவிடுகிறது. இவற்றைப் பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள் இந்த ஊரில் ஏராளம். நீண்டநாள் பழகியபின் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அப்படிப் பழகிவிட்டவர், குறைக்கும் திட்டத்தை மருத்துவரிடம் எழுதி வாங்கி, மாதக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும்.

வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யவைப்பது எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.). அதில் கை கழுவுவதும் பூட்டைச் சரிபார்ப்பதும் வெளியே தெரியும். வெளியே தெரியாத வடிவம் ஒன்று உண்டு. சன்னதியில் நிற்கும்போது தெய்வத்தைப் பற்றி ஆபாசமான எண்ணம் வந்து, பாவம் செய்துவிட்டோம் என்று குன்றிப்போய்க் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்ட பக்தர்கள் இருக்கிறார்கள். அது நோயின் குறி, அவருடைய குணமன்று. இந்நோய்க்குக் கூடுதல் அளவு மருந்தும் 10 முதல் 12 வாரப் பொறுமையும் தேவை. கழுவாமல் இருந்து பழகும் பயிற்சி மருந்தோடு சேர வேண்டும், “சுத்தமாகத்தான் இருக்கிறதா?” என்று நூறு முறை கேட்பவருக்கு நூறு முறை பதில் சொல்லும் பழக்கத்தை வீட்டார் சிகிச்சையாளரின் துணையோடு குறைத்துக்கொள்ள வேண்டும்.

குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும்

மனச்சிதைவு பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதிக்கும் முப்பதுக்கும் இடையில் தொடங்குகிறது. கல்லூரிக்குப் போவதை நிறுத்துவது, இரவு பகலாக மாறுவது, தனியாகப் பேசிச் சிரிப்பது, தெருவில் போகிறவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சன்னலை அடைப்பது, சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுவது என்று அது வெளிப்படும். இந்தக் கட்டத்தில் செய்வினை என்றும் காற்றுக் கருப்பு என்றும் கருதி, உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடமோ பாண்டி கோயிலுக்கோ தர்காவுக்கோ போவது இங்கே வழக்கம். வேண்டுதலை நிறுத்துங்கள் என்று நான் எந்தக் குடும்பத்துக்கும் சொல்வதில்லை. அவர்களுக்குத் தெம்பு தருவது அது. அதற்காக மருந்து ஒருநாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது என்றும், அடிப்பதோ பட்டினி போடுவதோ சங்கிலியில் கட்டுவதோ எந்தப் பெயரிலும் நடக்கக் கூடாது என்றும்தான் வற்புறுத்துகிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடைசெய்கிறது. அதே ஏர்வாடியில் பின்னர், தர்காவுக்குத் தொழுகைக்கு வருபவர்களுக்கு மருந்தும் கிடைக்கும்படி திட்டம் கொண்டுவரப்பட்டது. இரண்டும் ஒன்றாக நடக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

சிகிச்சை தொடங்கும் வரை கழியும் காலம் நீள நீள, குணமாவது கடினமாகிறது. ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்ற மருந்துகள் சில வாரங்களில் குரல்களையும் சந்தேகத்தையும் தணிக்கும். கை நடுக்கம், உடல் விறைப்பு, எச்சில் ஒழுகுதல், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு ஆகியவை வந்தால் அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்யலாம். சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும். எடையும் சர்க்கரையும் கூடக்கூடும் என்பதால் தொடக்கத்திலும் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும் இரண்டையும் பார்க்க வேண்டும். ஹாலோபெரிடோல் போன்ற மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் கழுத்து ஒருபக்கம் இழுத்து, கண்கள் மேலே செருகிக்கொண்டால் வீட்டார் கலங்கி மீண்டும் மந்திரிக்கப் போய்விடுகிறார்கள். அது மருந்தின் விளைவு. மருத்துவமனையில் ஓர் ஊசியிலேயே சரியாகிவிடும். கடும் காய்ச்சலோடு உடல் மரக்கட்டையாக விறைத்தால் மட்டும் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல்முறை வந்த நோய்க்கு, தெளிந்த பின்னும் குறைந்தது 1 முதல் 2 ஆண்டு மருந்து வேண்டும். மாத்திரையை மறுப்பவர்களுக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகள் உள்ளன. சாம்பாரில் மாத்திரையைப் பொடித்துக் கலப்பதைப் பல தாய்மார் வேறு வழியின்றிச் செய்கிறார்கள். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே நம்பும் மகன் அதை ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் அவனுடைய சந்தேகம் உண்மையாகிவிடுகிறது. நிலைமையை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி வேறு வழி கேட்பதே நல்லது.

பிள்ளை சொல்வது பொய் என்று வாதிடவும் வேண்டாம், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். “எனக்கு அந்தக் கொரல் கேக்கலப்பா. ஆனா ஒனக்குக் கேக்குதுன்னு தெரியுது, நீ பயந்துபோயிருக்க. நான் ஒங்கூடவே இருக்கேன்” என்று சொல்லும் தாய், எங்களில் யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத அளவுக்குச் சரியாகப் பேசுகிறார். ஓயாத குறைகூறலும் கடிந்துபேசலும் உள்ள வீடுகளில் நோய் திரும்ப வருவது கூடுதல் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட செய்தி. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்து மணமுடிப்பது, இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து வதைப்பது.

இருதுருவ நோயும் சித்திரை வெயிலும்

சில காலம் மனச்சோர்வும் சில காலம் அதன் நேரெதிரான எழுச்சியும் வருவது இருதுருவ நோய். எழுச்சியில் ஒருவர் இரண்டு மணி நேரம் தூங்கியும் களைப்பின்றி, நிறுத்தாமல் பேசி, கையில் இருப்பதை வாரி இறைத்து, தகுதிக்கு மீறிய திட்டங்களில் இறங்கி, தடுத்தால் சீறுவார். இது ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கும். வீட்டார் சோர்வுக் காலத்தில் அழைத்துவந்து, எழுச்சிக் காலத்தை “அப்போது நன்றாகச் சுறுசுறுப்பாக இருந்தார்” என்று விட்டுவிடுகிறார்கள். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அவர் எழுச்சிக்குத் தாவிவிடக்கூடும் என்பதால், அந்தக் காலத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்நோய்க்கு நெடுநாளாகப் பயன்படும் லித்தியம் நல்ல மருந்து. ஆனால் நோயைத் தடுக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. இரத்தத்தில் அது பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். 6 மாதத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரகத்தையும் தைராய்டையும் சோதிக்க வேண்டும். மதுரையின் கோடையில் இது தனிக் கவனம் கேட்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண வெயிலில் நாள் முழுக்க நிற்பதோ, விரதமென்று தண்ணீரையும் உப்பையும் குறைப்பதோ, வயிற்றுப்போக்கு வந்து நீர் வற்றுவதோ இரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபினாக், ஐபூபுரூபன் மாத்திரைகளும் அப்படியே செய்யும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, தள்ளாட்டம், நாக்குழறல் தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்நோய்க்குத் தரப்படும் இன்னொரு மருந்தான வால்புரோயேட் கருவைப் பாதிக்கும். ஆகவே குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு அது எழுதப்பட்டால் மாற்று உண்டா என்று கேட்க வேண்டும்.

குடியை நிறுத்தும் நாள்கள்

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டு, அன்றோடு குடியை விட்டுவிடும் ஆண்கள் நம் ஊர்களில் நிறைய. அளவாகக் குடித்தவருக்கு அதனால் தீங்கில்லை. அன்றாடம் காலையிலேயே குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு அது ஆபத்து. நிறுத்திய 6 மணி நேரம் முதல் நடுக்கமும் வியர்வையும், 12 முதல் 48 மணிக்குள் வலிப்பும், இரண்டாம் மூன்றாம் நாளில் பூச்சி ஊர்கிறது, ஆள் நிற்கிறார்கள் என்ற குழப்பமும் வரலாம். மாலை போட்ட மூன்றாம் நாள் இப்படி ஆகும்போது சாமி குற்றம் என்று வீடே நடுங்குகிறது. அது குடி நிறுத்திய விளைவு; சிகிச்சையின்றி விட்டால் உயிரே போகலாம். அத்தகையவர் மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவமனையில் சேர்ந்து, டயசெபாம் அல்லது குளோர்டயசெபாக்சைடு துணையோடும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் நிறுத்திவிட்டு, பிறகு மாலை போட்டால் விரதமும் காக்கப்படும், உயிரும் காக்கப்படும்.

அதன்பின், மீண்டும் குடிக்காமல் இருக்க உதவும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் ஆலோசனையும் தொடர வேண்டும். குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கச் சொல்லி விற்கப்படும் பொடிகளை வாங்கவே கூடாது. டைசல்பிரம் போன்ற மருந்தை அறியாமல் உண்டபின் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து இறக்கவும் நேரிடும். நோயாளி அறிந்து ஒப்புக்கொண்டு சாப்பிட வேண்டிய மருந்து அது.

தாமதிக்கக் கூடாத நிலைகள்

சாவைப் பற்றித் திட்டமாகப் பேசுகிறவரை, சொத்தையும் பொறுப்பையும் திடீரென ஒப்படைக்கிறவரைத் தனியே விடக் கூடாது. பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் அன்றே பூட்டிவிட வேண்டும் அல்லது பக்கத்து வீட்டில் கொடுத்துவிட வேண்டும். எதையேனும் உட்கொண்டுவிட்டவர் நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் 108ஐ அழைத்து மருத்துவமனைக்கே கொண்டுசெல்ல வேண்டும். வழக்கு வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. பேச ஆள் தேவைப்பட்டால் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

பிரசவித்த சில நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாக மறையும். அதற்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தூக்கமே இன்றிக் குழப்பமாகப் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாகச் சொன்னால் அன்றைக்கே காட்ட வேண்டும், தாயையும் சேயையும் தனியே விடக் கூடாது. பேச்சும் அசைவும் நின்று, சோறு தண்ணீர் இறங்காமல் சிலைபோல இருப்பவரும் உடனடியாகச் சேர்க்கப்பட வேண்டியவரே. அந்நிலையில் மருத்துவர் மின்னதிர்வுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தால் திகைக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்தே அது செய்யப்பட வேண்டும் என்பது சட்டம், உயிரைக் காப்பதில் அதன் பலன் பெரிது.

எங்கே போவது, எப்போது நிறுத்துவது

பனகல் சாலையில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையில், அதாவது நம் பெரியாஸ்பத்திரியில், மனநலப் பிரிவு உள்ளது, மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் வட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர் வரும் நாள்கள் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். மாத்திரைக்காக மாதந்தோறும் ஒரு நாள் கூலியை இழப்பவர்களுக்கு அருகில் வாங்கிக்கொள்வதே சிகிச்சை நிலைக்க வழி. மறுவாழ்வுப் பயிற்சிக்கு, 1992இல் தொடங்கி மதுரையில் இயங்கிவரும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற அமைப்புகளை அணுகலாம். மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பவர்கள், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று மேலே சொன்ன 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுவதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரையை நிறுத்தும் முடிவை மருத்துவரோடு சேர்ந்து எடுக்கும்போது, அதற்கான காலத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வு, கல்யாணம், அறுப்பு, வேலை மாற்றம் ஆகியவற்றுக்கு முன்பாகக் குறைக்கத் தொடங்கக் கூடாது. வீட்டில் கவனிக்க ஆள் இருக்கும் அமைதியான மாதங்களே ஏற்றவை. நோய் முதல்முறை வந்தபோது எது முதலில் மாறியது என்பதை அந்தப் பழைய தாளில் இருந்து எடுத்து, பெரிய எழுத்தில் எழுதி, மாத்திரை வைக்கும் டப்பாவின் மூடியில் ஒட்டிவிடலாம். ஒருவருக்கு அது மூன்று மணி விழிப்பாக இருக்கும், இன்னொருவருக்குச் சன்னலை அடைப்பதாக இருக்கும். அது மீண்டும் தென்பட்டால், அடுத்த மாதம் மாத்திரை வாங்கும் நாள் வரட்டும் என்று காத்திராமல் ஓரிரு நாளிலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் மருந்தின் அளவைச் சற்றே மாற்றினாலே பெரும்பாலும் போதுமானதாக இருக்கும்.